முதல் வரிசையில் சாமிக்கு ஓர் இடம்

கவுன்டரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளான உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி புனே விமான நிலையத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். பெட்டி எடை, பயணச்சீட்டு விதி எல்லாம் வகுப்பில் சொல்லித் தந்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். ஒரே ஓர் இருக்கையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதை நினைத்தால் ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு இருப்புக் கொள்வதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1994 பிப்ரவரியில். வருடம் மாதம் மறக்காத வியாதி எனக்கு உண்டு. வீட்டில் கேலி செய்வார்கள். கணவருக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, குடியிருப்பு கசார்வாடியில். லேத் பட்டறைச் சத்தத்தில் எழுந்து, இரண்டு பஸ் மாறி லோஹேகாவ் வந்தால், அங்கே ஜெட் விமானச் சத்தம். எங்கள் விமான நிலையம் பாதி விமானப்படைக்குச் சொந்தம், ஓடுபாதை முழுவதும் விமானப்படைக்குச் சொந்தம். அவர்கள் ‘போ’ என்றால் போகலாம், ‘நில்’ என்றால் நிற்க வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தனியார் விமானங்கள் அப்போதுதான் வந்திருந்தன. பயணிகளை மாப்பிள்ளை வீட்டாரைப் போல நடத்தினோம். இருக்கையில் கால்மேல் கால் போட்டு உட்காரலாம், செய்தித்தாளை முழுதாக விரித்துப் படிக்கலாம். பக்கத்து ஆளின் முழங்கை எங்கே இருக்கிறது என்று தெரியாமலே சென்னை போய்ச் சேரலாம்.

அதிலும் முதல் வரிசை தனி. முன்னால் இருக்கை கிடையாது. ஒரு தடுப்புச் சுவர்தான், அதுவும் தள்ளி இருக்கும். அந்த வரிசையில் நடைவழி ஓரத்து இருக்கையை எங்கள் கவுன்டரில் யாருக்கும் சும்மா கொடுத்துவிட மாட்டோம். கதவு மூடும் வேளை வரை காலியாக வைத்திருப்போம். எம்.எல்.ஏ.வின் மச்சான் கேட்டாலும் “நிரம்பிவிட்டது சார்” என்பதுதான் பதில். கடைசி நேரத்தில் யாராவது ஒருவர் வருவார்: காலில் மாவுக்கட்டோடு, நிறைமாத வயிற்றோடு, பக்கவாதம் வந்த அப்பாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு. அவருக்கு அது. எங்கள் முதல் ஷிஃப்ட் இன்சார்ஜ் ஒரு மராட்டிக்காரர். அவர்தான் அதற்கு ‘தேவாச்சி ஜாகா’ என்று பேர் வைத்தார். சாமியின் இடம். எந்த விதிப்புத்தகத்திலும் அது கிடையாது. ஆனால் ஷிஃப்ட் மாறும்போது, “தேவாச்சி ஜாகா காலி இருக்கு” என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்போம். வேலைக்குச் சேர்ந்த ஒரே வாரத்தில் நானும் அதில் பெருமைப்பட ஆரம்பித்துவிட்டேன்.

பிறகு விமானம் உள்ளுக்குள் மாறத் தொடங்கியது. ஒரே நாளில் அல்ல. தொண்ணூறுகளின் கடைசியில் மெத்தை மெலிந்தது. அப்புறம் கோட்டு மாட்டும் அலமாரி காணாமல் போனது. இரண்டாயிரத்து மூன்று, நான்கில் மலிவு விமானங்கள் வந்தன. அதுவரை ரயிலில் இரண்டு நாள் உட்கார்ந்து ஊருக்குப் போனவர்களெல்லாம் பறந்தார்கள். அதைக் குறை சொல்லமாட்டேன். எங்கள் தெருவில் லேத் ஓட்டிய ஆள் தன் அம்மாவை விமானத்தில் கூட்டிக்கொண்டு வந்தபோது எனக்குத்தான் கண் கலங்கியது. ஆனால் அத்தனை பேரும் உட்கார வேண்டுமே. எங்கள் நிறுவனமும் போட்டிக்கு இறங்கியது. ஒவ்வொரு விமானமாகப் பட்டறைக்குப் போய், உள்ளே ஒரு வரிசை கூடித் திரும்பியது. புனேக்கு வரும் விமானம் மட்டும் பழைய அமைப்பிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

2006 ஆகஸ்ட், கணபதி உட்காருவதற்கு, அதாவது பிள்ளையார் சதுர்த்திக்கு, முந்தைய புதன்கிழமை. நான் அப்போது டூட்டி மேனேஜர். வழக்கமாக வரும் விமானம் டெல்லியில் பழுதாகி நின்றுவிட்டது, வேறொன்றை அனுப்புகிறோம் என்று காலையில் செய்தி வந்தது. கவுன்டரில் நித்யா இருந்தாள். புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கெட்டிக்காரி. தமிழ் மட்டும் கொஞ்சம் தடுக்கும்.

“மேடம், ஏக் ரோ ஜாஸ்தி ஹை!” என்று கூவினாள். ஒரு வரிசை கூடுதலாம். “வெயிட்டிங் லிஸ்ட் ஃபுல் க்ளியர். எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லவா?”

“சொல்லு, சொல்லு” என்றேன்.

கவுன்டரே கொண்டாடியது. காத்திருந்தவர்களுக்கெல்லாம் சீட்டுக் கொடுத்தோம். கைகூப்பினார்கள். அந்தக் கூடுதல் வரிசை எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. விமானத்தின் நீளம் கூடவில்லையே!

உச்சிவெயில் வேளைக்கு அந்தப் பெண் வந்தாள். பெயர் பொன்செல்வி. திருநெல்வேலிப் பக்கம். ஆறடி இருப்பாள். வாலிபால் ஆட்டக்காரி. புனேயில் நடந்த போட்டிக்கு வந்த இடத்தில், பந்தை அடித்துவிட்டுத் தரையிறங்கும்போது முழங்கால் திருகிவிட்டது. தொடையிலிருந்து கணுக்கால் வரை கம்பி வைத்த பட்டை. கால் ஒரு இம்மிகூட மடங்கக் கூடாது என்று டாக்டர் எழுதியிருந்தார், விமானத்தில் போகலாம் என்றும் எழுதியிருந்தார். சக்கர நாற்காலியில் காலை நேராக நீட்டி, ஒரு பலகையில் வைத்திருந்தாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் அவளுடைய அம்மா பேச்சியம்மாள். மகளின் இடுப்பு உயரம்தான் இருப்பார். நாற்காலிக்குப் பின்னால் அவர் இருப்பதே தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

“மோரைப் புடுங்கிட்டாவ தாயி! வாசல்ல நிக்க போலீஸ்காரன். மோருல குண்டு வச்சுக் கொண்டு வருவேனாக்கும்?”

லண்டனில் திரவ வெடிகுண்டுச் சதி பிடிபட்டிருந்ததால், அந்த மாதம் தண்ணீரைக்கூட உள்ளே விடவில்லை. அதை நித்யா விளக்க முயன்றாள். “ஆண்ட்டி, லிக்விட் அலவ்ட் நஹி. ரூல்... ரூல் இருக்கு.”

“நீ தமிழா, இந்திக்காரியா? ரெண்டுங் கலந்துல்லா பேசுத.”

“தமிழ்தான் ஆண்ட்டி.”

“பாத்தா தெரியல. சரி, எம் பிள்ளைக்கு நல்ல எடமாப் பாத்துக் குடு. நாளைக்குக் காலையில மெட்ராசுல அவ நின்னாகணும்.”

பொன்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாதான் சொன்னார். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. பட்டியலில் அவள் பெயர் வந்துவிட்டது. மறுநாள் காலை சான்றிதழ்களோடு நேரில் போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். வேறு தேதி கேட்டுப் பார்த்தாயிற்று, முடியாது என்றுவிட்டார்கள்.

“இனிமே ஆடுவாளோ மாட்டாளோ, முருகனுக்குத்தான் வெளிச்சம்” என்றார் பேச்சியம்மாள், மகள் காதில் விழாத குரலில். “ஆடி ஆடிச் சேத்ததுக்கு இந்த ஒத்த வேலதான் மிச்சம்.”

நித்யா என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். தேவாச்சி ஜாகா. அதற்குத்தானே வைத்திருக்கிறோம்? முதல் வரிசையில் நடைவழி இருக்கை மகளுக்கு, நடு இருக்கை அம்மாவுக்கு. அட்டையை நீட்டும்போது நித்யாவின் முகத்தில் இருந்த மலர்ச்சி எனக்குத் தெரிந்ததுதான். பன்னிரண்டு வருடமாக எங்கள் எல்லார் முகத்திலும் வந்து போகும் மலர்ச்சி.

காத்திருக்கும் கூடத்தில் நான் ஒரு முறை அந்தப் பக்கம் போனேன். பேச்சியம்மாள் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால் தரைக்கு எட்டவில்லை. கொஞ்ச நேரம் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, இரண்டு காலையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்த ஒரு சீமாட்டி முகத்தைச் சுளித்தார். நித்யா வந்து, “ஆண்ட்டி, கால் கீழே... ப்ளீஸ்” என்றாள்.

“கீழ எங்கட்டி இருக்கு? எட்டுனாத்தான போட.”

நான் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டேன். கவனத்தில் வைக்க வேண்டிய விஷயம் என்று அப்போது தோன்றவில்லை.

விமானம் தாமதமாகத்தான் வந்தது. அன்று பிற்பகல் விமானப்படைப் பயிற்சிக்காக ஓடுபாதையை மூடப்போகிறார்கள். அதற்குள் கிளம்பாவிட்டால், திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் விமானி, பணிப்பெண்களின் வேலைநேரம் முடிந்துவிடும். பயணமே ரத்து. ஆகவே எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தோம்.

ஏணிப்படியின் அடியில், நாற்காலியோடு தூக்குவதற்கு லோடர்கள் நின்றார்கள். பொன்செல்வி வேண்டாம் என்றுவிட்டாள். படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கைகளை ஊன்றி, ஒவ்வொரு படியாகப் பின்னுக்கு ஏறினாள், மடங்காத காலை முன்னால் நீட்டியபடி. மழை தூறியது. லோடர்கள் காலி நாற்காலியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் ஒற்றைக் காலில் எழுந்து நின்று கதவைப் பிடித்துக்கொண்டாள். மற்ற பயணிகளும் ஏறினார்கள். வேலை முடிந்தது என்று நினைத்து நான் கீழே காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மேலேயிருந்து பணிப்பெண் கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

உள்ளே போய்ப் பார்த்தேன். தடுப்புச் சுவர் எங்கள் பழைய விமானத்தில் இருந்த இடத்தில் இல்லை. நகர்ந்து வந்திருந்தது. முதல் வரிசை இருக்கைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். கூடுதல் வரிசைக்கு எங்கெல்லாமோ அங்குலம் அங்குலமாகச் சுரண்டியிருந்தார்கள். அதில் பெரும்பங்கு சாமியின் இடத்திலிருந்து எடுத்தது. மற்ற வரிசைகளிலாவது முன் இருக்கையின் அடியில் கொஞ்சம் காலை விடலாம். இங்கே சுவர். விமானத்திலேயே மோசமான இருக்கையைத்தான் நாங்கள் பெருமையோடு அவளுக்குக் கொடுத்திருந்தோம்.

பொன்செல்வி இருக்கையில் பாதி உட்கார்ந்து பாதி நின்று கொண்டிருந்தாள். நீட்டிய கால் நடைவழியை அடைத்துக்கொண்டு கிடந்தது. அவள் முகம் வெளுத்திருந்தது. வலி என்று மட்டும் சொல்லவில்லை.

கேப்டன் வெளியே வந்தார். டெல்லிக்காரர். கோபப்படும் ஆள் இல்லை, அதனாலேயே அவரோடு வாதாடுவது கஷ்டம்.

“மேடம், கால் நடைவழியில் இருந்தால் நான் கிளம்பமாட்டேன். அவசரம் என்றால் அத்தனை பேரும் அந்தக் காலைத் தாண்டி ஓட வேண்டும். இறக்கிவிடுங்கள். மும்பை வழியாக அனுப்புங்கள்.”

“மும்பை விமானங்களிலும் இதே சுவர்தான் இருக்கும், கேப்டன்.”

“இருக்கலாம். எனக்கு ஓடுபாதை மூடிவிடும்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் சங்கடம். இறக்கிவிட்டால் மழையில், கணபதிக் கூட்ட நெரிசலில், மடங்காத காலோடு டாக்ஸியில் மும்பை போக வேண்டும். அங்கே முன்பின் தெரியாத கவுன்டர். ராத்திரிக்குள் சென்னை போய்ச் சேருவது நிச்சயமில்லை. இறக்காமல் இழுத்துக்கொண்டிருந்தால், ஓடுபாதை மூடி, அவளோடு சேர்ந்து விமானம் முழுவதும் இங்கேயே நின்றுவிடும். அப்போதும் அவள் போகப்போவதில்லை. நின்று யோசிப்பதுகூட அவளுக்கு எதிரான முடிவுதான். உங்களுக்கும் இப்படி ஒரு வேளை வரும்.

பின்னாலிருந்து குரல்கள் கிளம்பின. “க்யா ஹோ ரஹா ஹை?” “அரே, இறக்குங்கப்பா ஒருத்தரை, நூத்தி சொச்சம் பேர் உட்கார்ந்திருக்கோம்.” பேச்சியம்மாளுக்குப் பாதிப் பேச்சு புரியாவிட்டாலும் சாரம் புரிந்துவிட்டது. என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார்.

“எறக்கப் போறியளா? அவ பின்னுக்கு ஏறுனாளே, பாத்தியள்லா?”

தலைப்பை விடுவித்துக்கொண்டேன். நடைவழியில் வரிசை வரிசையாக நடந்தேன். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அவர்களுடைய காலைப் பார்த்துக்கொண்டு போனேன். இந்த அமைப்பில் மடங்காத ஒரு காலை எங்கே வைக்கலாம்? தெரியவில்லை. அந்த இருக்கைகளை நாங்கள் யாரும் அதுவரை கண்ணால்கூடக் கண்டதில்லை. ஒன்பதாம் வரிசைக்கு வந்தேன். சன்னலோரத்திலும் நடுவிலும் இரண்டு கன்னியாஸ்திரிகள். நடைவழி ஓரத்தில் ஒரு பெரிய உருவம், மடியில் கணினிப் பை, கழுத்தில் அலுவலக அட்டை.

“சிஸ்டர், ஒரு நிமிஷம் எழுந்திருக்க முடியுமா?”

எழுந்தார்கள். சீருடைப் புடவையோடு சன்னலோரத்தில் போய் உட்கார்ந்தேன். வலது முழங்காலை விறைப்பாக்கிக்கொண்டு நீட்டினேன். நேராக நீட்டினால் முன் இருக்கை இடித்தது. குறுக்காகத் திருப்பி, நடு இருக்கைக்கு முன்னால் இருக்கும் இருக்கையின் அடியில் விட்டேன். போனது! உடம்பைக் கொஞ்சம் சன்னல் பக்கம் சாய்த்தால், ஆறடிக்காரிக்கும் போகும். அவளைத் தாண்டி யாரும் போக வேண்டியதில்லை, நடைவழியும் அடைபடாது. ஒரே ஒரு சிக்கல். நடு இருக்கையில் உட்காருபவருக்குக் காலே இருக்கக் கூடாது.

அப்போதுதான் பேச்சியம்மாள் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அவருக்குத்தான் கீழே என்ற ஒன்றே இல்லையே!

முன்னால் விறுவிறுவென்று போனேன். “கேப்டன், ஒன்பதாம் வரிசையில் சன்னலோரம். கால் நடு இருக்கையின் கீழே போகும். நடுவில் அவள் அம்மா.”

“அம்மாவின் கால்?”

“தரையைத் தொடாது.”

கேப்டன் குனிந்து பேச்சியம்மாளைப் பார்த்தார். “காட்டுங்கள்” என்றார்.

நாற்பத்தைந்து வயதுப் பெண்மணியைக் குழந்தையைப் போல இருக்கையில் உட்காரவைத்துக் காலைப் பார்த்தோம். பாதம் தரைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. பேச்சியம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. “எதுக்குக் காலப் பாக்காவ? கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கவா?” என்றார். கேப்டனுக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை, ஆனாலும் சிரித்துவிட்டார்.

“கிளம்பும்போதும் இறங்கும்போதும் பெல்ட் போட்டு நேராக உட்கார வேண்டும். சரி. ஆனால் உடனே நடக்கட்டும்.”

சன்னலையும் இடத்தையும் விட்டுக்கொடுத்து முதல் வரிசைச் சுவருக்குப் போவதற்கு யார் சம்மதிப்பார்கள்? கன்னியாஸ்திரிகளிடம் ஒளிக்காமல் சொன்னேன். “அங்கே முழங்கால் இடிக்கும், சிஸ்டர்.” மூத்தவர் மலையாளி. “முட்டுகுத்தி சீலமுண்டு, மோளே” என்றார். முழங்காலில் நிற்பது பழக்கம்தானாம். இரண்டு பேரும் பையை எடுத்துக்கொண்டு நடந்தார்கள்.

மிச்சம் நடைவழி ஓரத்துக்காரர். பெயர் கார்த்திகேயன், மகர்பட்டாவில் மென்பொருள் வேலை, சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம் என்று பிறகு தெரிந்தது. பொன்செல்வியின் குதிகால் அவர் இடத்தில் கொஞ்சம் வரும் என்று சொன்னேன்.

“ஏனுங்க, ஏற்கெனவே எங் காலையே எங்க வெக்கறதுன்னு தெரியலீங்க. இதுல அவங்க காலு வேறயா?”

“ஒரு பக்கமா ஒதுக்கி வெச்சுக்கிட்டாப் போதும். உங்க பையை மேலே வைக்கிறேன்.”

“அதுல லேப்டாப் இருக்குதுங்க. மேல வெச்சா எவனாச்சும் பெட்டியத் தூக்கி அது மேல போடுவான்.”

“எங்கிட்ட குடுங்க தம்பி” என்றார் அதற்குள் வந்துவிட்ட பேச்சியம்மாள். “எம் மடி சும்மாத்தான கெடக்கு. பறக்க வரைக்கும் மேல வச்சுக்கிடுவோம், அதுக்கப்புறம் பிள்ளையப் போல வச்சுக்கிடுதேன்.”

கார்த்திகேயன் அந்த அம்மாவைப் பார்த்தார், ஒற்றைக் காலில் இருக்கை முதுகுகளைப் பிடித்துப் பிடித்து வந்துகொண்டிருந்த மகளைப் பார்த்தார், எழுந்து வழிவிட்டார். “நீங்க உள்ள போங்க அம்மிணி. நா எப்படியோ சுருட்டிக்கறேன். இந்தச் சீட்டப் பண்ணுனவன் கெடச்சா மட்டும் எனக்கு ஒரு போன் போடுங்க மேடம்.”

பொன்செல்வி உட்கார்ந்தாள். கால் உள்ளே போனது. கண்ணை மூடிக்கொண்டாள். நான் படியிறங்குவதற்குள் கதவை மூடிவிட்டார்கள். ஓடுபாதை மூடும் முன்பு கடைசியாகக் கிளம்பியது எங்கள் விமானம்தான். மழைக்குள் அது மறைந்த பிறகும் நித்யாவும் நானும் வெளியிலேயே நின்றோம்.

“தேவாச்சி ஜாகா...” என்று ஆரம்பித்தாள், பாதியில் விட்டுவிட்டுக் கவுன்டருக்குத் திரும்பினாள்.

மறுநாள் பிற்பகல் கவுன்டருக்குத் தொலைபேசி வந்தது. பேச்சியம்மாள்.

“கெடச்சிட்டு தாயி. கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டா. அங்கயும் மாடி. லிப்டு ரிப்பேராம். பின்னுக்கே ஏறிட்டா.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “ஒங்க பிளேன்ல எனக்கு ஒரு கொறையும் இல்ல. எனக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரில்லா இருந்துச்சு. மத்த ஆளுவதான் பாவம், எல்லாவனும் காலத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டு வந்தானுவ.”

நாங்கள் கவுன்டரில் எல்லாரும் சிரித்தோம், டீ வாங்கிக் குடித்தோம். இதோடு கதை முடிந்திருந்தால் உங்களுக்கு இதை எழுதியிருக்கமாட்டேன்.

நடந்ததை நான் தலைமை அலுவலகத்துக்கு விவரமாக எழுதினேன். முதல் வரிசை கால் சரியில்லாதவர்களுக்கு உதவாது. புது அமைப்பு எங்கே வந்தாலும் கவுன்டர்காரர்களை முதலில் உள்ளே கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஒரு வரிசையாவது பழைய இடைவெளியோடு விட்டுவையுங்கள். பதில் வரவில்லை. நவம்பரில் மும்பையில் ஒரு கூட்டம். புது இருக்கை அமைப்பைப் பற்றி ஓர் இளைஞர் திரையில் படம் போட்டு விளக்கினார். நன்றாகவே பேசினார். நடுவில், “புனேயில் முழங்கால் மடங்காத ஒரு பயணியைக்கூட இதே அமைப்பில் ஏற்றிக்கொண்டு, நேரத்துக்குக் கிளம்பியிருக்கிறோம்” என்றார். ஆகவே இடைவெளி போதும் என்பதற்கு அதுவே சாட்சியாம். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள்.

நான் எழுந்தேன். “அது இருக்கையால் நடந்ததில்லை. அந்த அம்மா குள்ளமாக இருந்தார், அதனால் நடந்தது” என்றேன்.

கூடமே சிரித்தது. நகைச்சுவைக்குச் சொன்னேன் என்று நினைத்துவிட்டார்கள். இளைஞரும் சிரித்துக்கொண்டே அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அடுத்த வருடம் இன்னொரு வரிசை கூடியது.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். நெருக்கடியில் நீங்கள் சமாளிப்பீர்கள். உங்களால் முடியும், அதற்குத்தான் நம்மை வைத்திருக்கிறார்கள். ஆனால் நீங்கள் சமாளித்தது மேலே போய்ச் சேரும்போது, பிரச்சினையே இல்லை என்று பொருள் மாறிவிடும். அன்றைக்கு அவளை இறக்கிவிட்டிருந்தால் புகார் வந்திருக்கும், பத்திரிகையில் வந்திருக்கும், ஒருவேளை அந்தச் சுவரை நகர்த்தியிருப்பார்கள். ஏற்றிவிட்டதால் சுவர் நின்றுவிட்டது. ஆனாலும் மறுபடி அதே நிலைமை வந்தால் நான் அவளை ஏற்றத்தான் செய்வேன். இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தெரிந்த மாதிரி உங்களுக்கு எழுதவும் மாட்டேன். ஒன்று மட்டும் செய்யுங்கள். சமாளித்ததை எழுதும்போது எப்படிச் சமாளித்தீர்கள் என்பதை முதல் வரியில் எழுதுங்கள். நேரத்துக்குக் கிளம்பியதைக் கடைசி வரியில் எழுதுங்கள். மேலே இருப்பவர்கள் முதல் வரியைத்தான் படிக்கிறார்கள்.

2008 மார்ச்சில் ஓய்வு பெற்றேன். நித்யா கராடியில் ஒரு கணினி நிறுவனத்துக்குப் போய்விட்டாள். சம்பளம் நன்றாக இருக்கிறதாம், உட்காரும் நாற்காலியும் நன்றாக இருக்கிறதாம்.

2009 டிசம்பரில் தங்கை வீட்டுக்குப் போக நான் சென்னைக்குக் கிளம்பினேன். அதே கவுன்டர். புதிதாக ஒரு மராட்டிப் பையன். என் பழைய அடையாள அட்டையைப் பார்த்ததும் எழுந்து நின்றான். முழங்காலில் வாதம் வந்து நான் கொஞ்சம் சாய்ந்து நடப்பதையும் பார்த்துவிட்டான். விரல்கள் பலகையில் ஓடின. குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ ரகசியம் சொல்வதைப் போல, “மேடம், தும்ஹாலா தேவாச்சி ஜாகா திலீ” என்றான். உங்களுக்குச் சாமியின் இடத்தைக் கொடுத்திருக்கிறேன் என்கிறான்.

முதல் வரிசை, நடைவழி ஓரம்.

அவன் முகத்தில் அதே மலர்ச்சி. ஆளுக்கு ஆள் கைமாறி, பெயர் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது. இடம்தான் வழியில் எங்கேயோ தொலைந்திருந்தது. அவன் அந்த விமானத்துக்குள் ஏறியதே இல்லை என்பது எனக்குப் புரிந்தது. பின்னால் நீளமான வரிசை. அந்த மலர்ச்சியைக் கெடுக்க மனம் வரவில்லை. “ரொம்ப நன்றி” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு அட்டையை வாங்கிக்கொண்டேன்.

சென்னை வரை சுவரில் முழங்காலை இடித்தபடி போனேன். இரண்டு நாள் வலித்தது.

அந்தப் பையன் இன்னும் உங்களோடுதான் வேலை பார்க்கிறான். இதை அவன் படிக்கமாட்டான், தமிழ் தெரியாது. உங்களில் யாராவது ஒருவர், அடுத்த முறை விமானம் காலியாக நிற்கும்போது, அவனை மேலே கூட்டிப்போங்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம். தேவாச்சி ஜாகாவில் உட்காரச் சொல்லுங்கள்.